வெள்ளித்திரையில் ஓடிய பழைய வண்டிகள்

முல்லைத் திணைப் பாடல்களைப் பயின்றவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். போர்த்தொழிலை முடித்த தலைவன், கார்காலம் வந்துவிட்டதே, வீட்டில் காத்திருப்பவள் வருந்துவாளே என்று எண்ணித் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுகின்றான். அங்கே தேரும் குதிரையும் பாகனும் வெறும் போக்குவரவுச் சாதனங்கள் அல்ல; தலைவனுடைய ஆவலில் பங்குகொள்ளும் உயிர்த்துணைகள். முல்லைக்கொடி படரத் தேரையே ஈந்தான் பாரி என்று இன்றும் சொல்கின்றோம். வண்டியையும் மனித உள்ளத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று.

இருபதாம் நூற்றாண்டில் தேரின் இடத்தை மோட்டார் வண்டி பெற்றது; பாட்டின் இடத்தைப் பெரும்பாலும் படக்காட்சி பெற்றது. எண்ணற்ற படங்களில் எண்ணற்ற வண்டிகள் ஓடி மறைந்தன. கதாநாயகன் கீழே இறங்கிக் கதவைச் சாத்தியதும் அவற்றை நாம் மறந்துவிட்டோம். ஆனால் ஒருசில வண்டிகளை மட்டும், நடிகர்களை நினைப்பது போலவே, பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கின்றோம். அவை ஏன் நிலைத்தன? நம் நாட்டுச் சரித்திரத்தின் எந்தப் பக்கத்தை அவை நமக்குக் காட்டுகின்றன? இவ்வுரையில் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செல்வோம். அந்நாட்டில் மோட்டார் வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடலாகாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. 1896ஆம் ஆண்டில் அந்த எல்லை 14 மைலாக உயர்ந்தது. இந்த விடுதலையைக் கொண்டாட அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு வண்டிகள் புறப்பட்டன. அந்நாளின் நினைவாகப் பழம்பெரும் வண்டிகளை அதே சாலையில் ஓட்டிச் செல்லும் விழாவொன்று பின்னர் தோன்றியது. அந்த விழாவைக் களமாகக் கொண்டு 1953இல் வெளிவந்த நகைச்சுவைப் படமே 'ஜெனிவீவ்'. அதனை இயக்கியவர் ஹென்றி கார்னீலியஸ். ஜெனிவீவ் என்பது கதாநாயகியின் பெயரன்று. 1904ஆம் ஆண்டின் டராக் வண்டி ஒன்றின் பெயர். இரு நண்பர்கள் பந்தயம் கட்டித் தங்கள் கிழட்டு வண்டிகளை லண்டனை நோக்கி விரட்டுகின்றனர். கடைசியில் எதிரியின் வண்டிச் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டு வேறு திசைக்குப் போய்விட, ஜெனிவீவ் தானாகவே உருண்டு பாலத்தின்மேல் ஏறி வென்றுவிடுகின்றது. அதனை ஓட்டுபவராக நடித்த ஜான் கிரெக்சனுக்குப் படப்பிடிப்புத் தொடங்கியபோது வண்டி ஓட்டவே தெரியாது என்பது வேடிக்கை. அந்த வண்டி இன்று நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரத்துப் பொருட்காட்சிச்சாலை ஒன்றில் பத்திரமாக இருக்கின்றது.

1964இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஒற்றன் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய வெள்ளிநிற ஆஸ்டன் மார்ட்டின் வண்டி வேறு வகையில் புகழ்பெற்றது. பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் இருப்பவன் ஆசனத்தோடு மேலே தூக்கி எறியப்படுவான். விளக்குகளுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் எட்டிப் பார்க்கும். அப்படத்தோடு தொடர்புடைய வண்டிகளுள் ஒன்று 1997இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு விமானக் கொட்டகையிலிருந்து களவு போயிற்று. மற்றொன்று 2010இல் லண்டன் ஏலத்தில் 26 இலட்சம் பவுனுக்கு விற்றது. 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மேடுபள்ளங்களில் பாய்ந்தோடிய பச்சைநிற மஸ்டாங் வண்டியின் கதை இன்னும் சுவையானது. 1974இல் ஒரு குடும்பம் 6,000 டாலர் கொடுத்து அதனை வாங்கியது. இல்லத்தரசி அதிலேயே பள்ளிக்கூட வேலைக்குச் சென்று வந்தார். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அதே வண்டி 34 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

இந்த மேனாட்டு வண்டிகளைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் விலையே முன்னால் நிற்கின்றது. அவை செல்வத்தின், வேகத்தின், வீரத்தின் அடையாளங்கள். நம் நாட்டுத் திரையில் பெயர்பெற்ற வண்டிகளைப் பார்த்தாலோ, ஒரு வேறுபாடு கண்ணில் படுகின்றது. நம் படங்களிலும் பளபளக்கும் புதுவண்டிகள் வந்தன. பணக்காரர் மாளிகை வாயிலில் நின்றன. எனினும் மக்கள் மனத்தில் இடம்பிடித்தவை அவையல்ல. ஓட்டை உடைசலான பழைய வண்டிகளும் வாடகை வண்டிகளுமே அந்த இடத்தைப் பெற்றன. இதற்குக் கலைக்காரணமும் உண்டு. பொருளாதாரக் காரணமும் உண்டு. பின்னதை முதலில் காண்போம்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாய் சிவ்ரியில் ஒரு தொழிற்கூடம் தொடங்கி, கடல் வழியாக வந்த உறுப்புகளைப் பூட்டி ஷெவ்ரலே வண்டிகளை உருவாக்கி விற்றது. ஃபோர்டு நிறுவனமும் அக்காலத்தில் இந்தியாவில் இவ்வாறே தொழில் நடத்தியது. அவ்வாறு வந்த வண்டிகள் முதலில் ஜமீன்தார்களிடமும் வழக்கறிஞர்களிடமும் இருந்தன. பிறகு இரண்டாங்கை, மூன்றாங்கை என்று மாறிச் சிற்றூர்களில் வாடகைக்கு ஓடத் தொடங்கின. நாடு விடுதலை பெற்றபின், வண்டியின் உறுப்புகளையும் இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கே அனுமதி என்று அரசாங்கம் முடிவுசெய்தது. 1954 அளவில் அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் கடையைக் கட்டின. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று ஒரு சில உள்நாட்டுத் தொழிற்சாலைகளே காருக்கென்று எஞ்சின. புது வண்டி வேண்டுபவர் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே பழைய வண்டியைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை, வழியும் இல்லை. கம்பியால் கட்டியும், தகரத்தால் ஒட்டுப் போட்டும், ஓர் ஊர்தியின் உறுப்பை மற்றோர் ஊர்திக்குப் பொருத்தியும் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டினார்கள். இந்தக் கைத்திறனே நம் படங்களுக்குக் கதைப்பொருள் ஆயிற்று.

1958ஆம் ஆண்டு அவ்வகையில் சிறப்புடையது. அவ்வாண்டில் இரண்டு பழைய வண்டிகள் இந்தியத் திரையில் தோன்றின. ஒன்று நம்மைச் சிரிக்கவைத்தது, மற்றொன்று சிந்திக்கவைத்தது.

சிரிக்கவைத்தது 'சல்தி கா நாம் காடி' என்ற இந்திப் படம். ஓடும் வரைதான் அது வண்டி என்பது அத்தொடரின் பொருள். சத்யேன் போஸ் இயக்கிய அப்படத்தில் அசோக்குமார், அனூப்குமார், கிஷோர்குமார் என்ற உடன்பிறந்தார் மூவரும் உடன்பிறந்தாராகவே நடித்தனர். மூவரும் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர்கள். மழை கொட்டும் ஓர் இரவில் மதுபாலா தமது பழுதுபட்ட வண்டியோடு அங்கு வந்து சேர்கின்றார், கதை தொடங்குகின்றது. சகோதரர்கள் ஊர்சுற்றும் கிழட்டு வண்டி, அவர்களோடு சேர்ந்த நான்காவது உடன்பிறப்பாகவே நமக்குத் தோன்றும். எண்ணெய்க் கறை படிந்த கையோடு உழைப்பவனும் காதலிக்கத் தகுதியுடையவனே என்பதை அப்படம் பாட்டும் கூத்துமாகச் சொல்லிவிட்டது.

சிந்திக்கவைத்த படம் வங்காள மொழியில் வந்த 'அஜாந்த்ரிக்'. சுபோத் கோஷ் எழுதிய சிறுகதையைக் கொண்டு ரித்விக் கட்டக் இயக்கியது. 'யந்திரம்' என்ற சொல் நமக்குப் பழக்கமானதே. 'அயாந்திரிகம்', அதாவது யந்திரத்தன்மை அல்லாதது, என்பதே அப்பெயரின் பொருள். தலைப்பிலேயே படத்தின் கருத்து அடங்கிவிடுகின்றது.

சோட்டா நாகபுரிப் பீடபூமியில் பிமல் என்றொரு வாடகைக்கார் ஓட்டி. அவனாக நடித்தவர் காளி பானர்ஜி. தாய் இறந்த ஆண்டில் அவனிடம் வந்து சேர்ந்த பழைய ஷெவ்ரலே ஒன்றே அவனுக்குச் சொத்து, சுற்றம், துணை எல்லாம். அதற்கு அவன் இட்ட பெயர் ஜகத்தல். வங்காளிகள் அசைக்கமுடியாத பெரும்பாறையை அச்சொல்லால் குறிப்பார்கள். ஓட வேண்டிய வண்டிக்கு அசையாத பாறையின் பெயர்! ஊரார் அவனைப் பித்தன் என்கின்றனர். சிறுவர்கள் வண்டியின்மேல் சேற்றை வாரி இறைக்கின்றனர். பிமலோ வண்டியோடு பேசுகின்றான். அதற்குத் தாகம் எடுக்கும் என்று எண்ணி நீர் ஊற்றுகின்றான். ஜகத்தலும் மடமடவென்று நீர் குடிக்கும் ஓசை நமக்குக் கேட்கின்றது. கைவிடப்பட்ட பெண்ணொருத்தி வண்டியில் ஏறியபின் பிமலின் மனம் அவள்பால் இரங்கும்போது, ஜகத்தல் பொறாமை கொள்வது போலவும் தோன்றுகின்றது. வண்டிக்கு உயிர் உண்டு என்று இயக்குநர் எங்கும் வாதாடவில்லை. ஒலியாலும் ஒளியாலும் நம்மை அவ்வாறு நம்பவைத்துவிடுகின்றார்.

இக்கதை நடக்கும் நிலத்தையும் நாம் நோக்க வேண்டும். அது ஓராவோன் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. சுரங்கமும் இரயிலும் புகுந்துவிட்ட பகுதி. பழைய வாழ்வும் புதிய யந்திரமும் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. படத்தில் பழங்குடியினரின் நடனமும் கொடிகளும் அடிக்கடி வருகின்றன. நாம் யந்திரத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதற்கு அடிமையாகவும் வேண்டாம். அதனையும் நம் உறவினருள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அக்காட்சிகளில் ஊடுருவி நிற்கின்றது. இதனை வெறுங்கற்பனை என்று நம்மால் தள்ளிவிட முடியாது. ஆயுத பூசையன்று அச்சுப்பொறிக்கும் தையல்பொறிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு வணங்கும் நமக்குப் பிமலின் செயல் எளிதில் விளங்கும்.

எந்த யந்திரத்துக்கும் ஒரு நாள் முடிவு உண்டு. ஜகத்தல் நோய்வாய்ப்பட்டது போல் நின்றுவிடுகின்றது. கையிலிருந்த பொருளையெல்லாம் செலவிட்டுப் புது உறுப்புகள் வாங்கிப் பொருத்துகின்றான் பிமல். வண்டி மீளவில்லை. கடைசியில் பழைய இரும்பு வாங்குபவனுக்கு அது விலையாகின்றது. துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுச் செல்லும் தன் துணையைப் பார்த்துப் பிமல் கண்ணீர் விடுகின்றான். அப்போது பழக்கமான ஓர் ஒலி கேட்கின்றது. கழற்றி எறியப்பட்ட ஜகத்தலின் ஊதுகுழலை ஒரு சின்னஞ்சிறு குழந்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்தி ஊதுகின்றது. பிமலின் கண்ணீருக்கு நடுவே புன்னகை அரும்புகின்றது. படம் முடிகின்றது.

அதே படத்தில் வரும் ஊர்ப் பைத்தியக்காரன் ஒருவனையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். ஒரு பழைய பாத்திரத்தை அவன் உயிர்போலக் கட்டிக்கொண்டு திரிகின்றான். பின்னர் புதுப் பாத்திரம் ஒன்று கிடைத்ததும் பழையதை அடியோடு மறந்து மகிழ்கின்றான். பைத்தியக்காரனால் எளிதில் மறக்க முடிந்தது. பிமலால் மறக்க முடியவில்லை. ஆயினும் விட்டுக்கொடுக்க அவனும் கற்றுக்கொண்டான். மறப்பதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்விருவரையும் அடுத்தடுத்து நிறுத்திக் கட்டக் காட்டிவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1962இல், சத்யஜித் ராய் 'அபிஜான்' என்ற படத்தை அளித்தார். தாராசங்கர் பந்தோபாத்யாய் எழுதிய புதினத்தைத் தழுவியது. அதன் நாயகன் நரசிங், இராஜபுத்திரர் வழிவந்தவன். வங்காளத்தில் வாடகைக்கார் ஓட்டிப் பிழைப்பவன். சௌமித்ர சாட்டர்ஜி அவ்வேடம் தாங்கினார். நரசிங்கின் வண்டி 1930ஆம் ஆண்டின் கிரைஸ்லர். முன்னோர் குதிரையேறிப் போர் புரிந்தவர்கள் என்ற பெருமை அவன் நெஞ்சில் கனன்றுகொண்டிருக்கின்றது. ஆகவே அவனுக்குக் கிரைஸ்லரே குதிரை. அந்தப் பெருமையினால்தான் ஓர் அதிகாரியின் வண்டியை முந்திச் சென்று, தொழில் நடத்தும் அனுமதியையே இழக்கின்றான். வேற்றூரில் பிழைப்புத் தேடும்போது, அபினி கடத்தும் வணிகன் ஒருவன் நல்ல ஊதியம் காட்டி அழைக்கின்றான். வண்டியை நேர்வழியில் ஓட்டுவதா, கள்ளவழியில் ஓட்டுவதா என்பதே படத்தின் போராட்டம். கடைசியில், துன்பத்துக்குள்ளான குலாபி என்ற பெண்ணை மீட்க நரசிங் அதே வண்டியில் விரைகின்றான். குலாபியாக நடித்த வஹீதா ரஹ்மான் நம் செங்கற்பட்டில் பிறந்தவர். 1956இல் 'காலம் மாறிப் போச்சு' என்ற தமிழ்ப் படத்தில் நடனமாடியவர். பிழைப்பைத் தேடி வேற்றூர் சென்று, வழுக்கும் இடத்தில் காலூன்றி நிற்கும் நரசிங்கின் கதை, பிறமாநிலங்களில் வாழும் நமக்கு அயலான கதையன்று.

பம்பாய் நகரம் இத்தகைய வாடகை வண்டிக்காரனை இன்னும் முன்பே திரைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1954இல் சேதன் ஆனந்த் இயக்க, தேவ் ஆனந்த் நடித்த 'டாக்ஸி டிரைவர்' படம் அந்நகரத்து வீதிகளையே அரங்கமாகக் கொண்டது. எங்கிருந்தோ வந்து திக்கற்று நிற்கும் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் அடைக்கலம் ஒரு வாடகை வண்டி. புது நகரில் இரயிலைவிட்டு இறங்கியவர்களுக்கு ஊரை முதலில் அறிமுகம் செய்பவன் வண்டிக்காரனே அன்றோ?

இந்த வண்டிகள் மொழி எல்லைகளையும் எளிதாகக் கடந்தன. 1966இல் தமிழில் வந்த 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' ஒரு பஸ்ஸையும் அதன் பிரயாணிகளையும் வைத்துப் பின்னிய நகைச்சுவைக் கதை. அதுவே 1972இல் எஸ். ராமநாதன் இயக்கத்தில் 'பாம்பே டு கோவா' என்று இந்தியில் உருமாறி வடக்கே ஓடியது. கைம்மாறாக, 1982இல் வந்த 'குத்தார்' என்ற இந்திப் படம் 1985இல் 'படிக்காதவன்' என்று தமிழுக்கு வந்தது. அதில் தம்பியைப் படிக்கவைக்கத் தான் படிக்காமல் வாடகைக்கார் ஓட்டும் அண்ணனாக ரஜினிகாந்த் நடித்தார். அவர் தம் வண்டியை லட்சுமி என்று பெயரிட்டு அழைப்பதும், கொஞ்சுவதும், கிளம்பாவிட்டால் கெஞ்சுவதும் தமிழ் மக்களுக்கு நன்கு நினைவிருக்கும். ஜகத்தலும் லட்சுமியும் வெவ்வேறு மொழியில் பிறந்தவர்கள். ஆனால் ஒரே குலத்தவர். சோறு போடும் பொருளைத் தாயாகவும் திருமகளாகவும் காணும் நெஞ்சம் இரண்டுக்கும் பொது.

அந்தக் குலம் இன்று சாலையிலிருந்து விடைபெற்றுக்கொண்டிருக்கின்றது. பல்லாண்டுக் காலம் நம் திரையிலும் தெருவிலும் ஓடிய அம்பாசடர் வண்டியின் உற்பத்தி 2014இல் உத்தரபாராவில் நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் அடையாளமாகவே விளங்கிய பிரீமியர் பத்மினி வாடகை வண்டிகளுக்கு, 20 ஆண்டு கடந்தவை ஓடலாகாது என்ற விதிப்படி, 2023ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளோடு காலம் முடிந்தது. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடர்களும் குறைந்துகொண்டே வருகின்றன. புகை குறைய வேண்டும். பிரயாணிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும். இவற்றை மறுப்பதற்கில்லை. ஜகத்தலைப் போலவே அவையும் ஒரு நாள் நிற்க வேண்டியவையே.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். மேனாட்டார் தம் படங்களில் ஓடிய வண்டிகளைப் பேணி வைத்தார்கள். ஏலத்தில் இலட்சங்கள் கொடுத்து வாங்கினார்கள். நம் நாட்டில், பொருட்காட்சிச்சாலைக்கு வண்டி போவதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றது. இதில் வருந்த வேண்டியது இரும்பின் இழப்பு மட்டுமன்று. அந்த வண்டிகளால் எத்தனை குடும்பங்கள் உண்டன, எத்தனை பிள்ளைகள் படித்தனர், எந்தப் பட்டறைக்காரன் தன் மூளையைக்கொண்டு கிடைக்காத உறுப்பைச் செய்து பொருத்தினான் என்ற வரலாறும் இரும்போடு சேர்ந்து உருகிவிடுகின்றது. அரசர்களின் தேர்களைப் புலவர் பாடி வைத்தனர். வாடகை வண்டிக்காரனின் தேரைப் பாடி வைத்தவை இந்தச் சில படங்களே.

ஆதலால், ராஞ்சியிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழும் தமிழன்பர்கள் 'அஜாந்த்ரிக்' படத்தைக் காண வாய்க்குமானால் தவறாமல் காண வேண்டும். தாங்கள் இன்று வாழும் நிலத்தின் பழைய முகம் அதில் தெரியும். கொல்கத்தாவிலும் மும்பையிலும் உள்ளவர்கள், முதிய வண்டிக்காரர் ஒருவரைச் சந்தித்தால், அவர் முதன்முதலில் ஓட்டிய வண்டி எது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில் ஒரு சரித்திரம் இருக்கும்.

ஊரைவிட்டு வரும்போது நாமும் எத்தனையோ பொருள்களை விட்டுவிட்டுத்தான் வந்தோம். வீட்டுத் திண்ணையை எடுத்துவர முடியவில்லை. கிணற்றை எடுத்துவர முடியவில்லை. ஆனால் அங்கே பழகிய ஒரு சொல்லோ, ஒரு தாலாட்டின் ஓசையோ இங்கே பிறந்த குழந்தையின் வாயில் திடீரென்று ஒலிக்கும்போது, பிமல் ஏன் புன்னகை செய்தான் என்பது நமக்கு விளங்கிவிடுகின்றது.